முழங்காலுக்குக் கீழே ஓர் ஊசி

முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல் இடம் விட்டு, கணைக்கால் எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளிப்பக்கமாகத் தள்ளி அழுத்திப் பாருங்கள். சதைக்குள் மந்தமாக ஒரு வலி தெரியும். சீன மருத்துவர்கள் சூசான்லி என்று அழைக்கும் புள்ளி அது. அக்குபஞ்சர் படித்த எவருக்கும் மனப்பாடமான இடம். வயிற்றுக் கோளாறுக்கும் உடல் சோர்வுக்கும் அங்கே ஊசி போடுவார்கள். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டவர்களுக்கும் போடுவார்கள். அந்த ஊசியின் காம்பில் சிறு கிளிப்பை மாட்டி, பேட்டரிப் பெட்டி ஒன்றிலிருந்து மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தினால் அது மின் அக்குபஞ்சர். நொடிக்கு இரண்டு துடிப்பு என்று வைத்தால் கால் தசையும் நொடிக்கு இரண்டு முறை துள்ளும். இருபது முப்பது நிமிடம் அப்படியே விட்டுவைப்பார்கள்.

பக்கவாதத்தில் பாதிப்பு மண்டையோட்டுக்குள் இருக்கிறது. ஊசியோ காலில். காலில் நடப்பது மூளைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? சேர்ந்தாலும், செத்துப்போன மூளைப் பகுதியை அது என்ன செய்துவிட முடியும்? இந்த இரண்டு கேள்விகளையும் பலர் ஒன்றாகவே கேட்கிறார்கள். ஒரே பதிலையும் எதிர்பார்க்கிறார்கள். முதல் கேள்விக்கு இன்று நல்ல பதில் கிடைத்திருக்கிறது. இரண்டாவது கேள்வியின் கதை வேறு. அதில் நம்பிக்கையும் ஏமாற்றமும் மாறி மாறி வருகின்றன.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் பணியாற்றிய நரம்பியலாளர் சியூஃபூ மாவின் குழு 2021-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. சுண்டெலிகளுக்குப் பாக்டீரியா நச்சைச் செலுத்தி, உடல் முழுவதும் அழற்சி பரவும்படி செய்தார்கள். பிறகு எலியின் பின்னங்காலில் சூசான்லி புள்ளிக்கு இணையான இடத்தில் அரை மில்லி ஆம்பியர் மின்சாரம் பாய்ச்சினார்கள். அழற்சி குறைந்தது, பிழைத்த எலிகளின் எண்ணிக்கை கூடியது. அதே அளவு மின்சாரத்தை வயிற்றில் செலுத்தியபோது அந்தப் பலன் இல்லை. அப்படியானால் காலில் மட்டும் என்ன இருக்கிறது?

எலும்பை ஒட்டிய ஆழமான திசுக்களில் ஒரு வகை உணர்வு நரம்பணுக்கள் தங்கள் நுனிகளைப் பரப்பியிருந்தன. வயிற்றுச் சுவரின் ஆழ்திசுவில் அவை இல்லை. அந்த நரம்பணுக்களை மட்டும் அழித்துவிட்டு ஊசி போட்டால் காலிலும் பலன் இல்லை. ஊசியே இல்லாமல், மரபணு மாற்றத்தின் உதவியோடு அந்த நரம்பணுக்களை ஒளியால் தூண்டினால் பலன் வந்தது. காலிலிருந்து தண்டுவடம், அங்கிருந்து மூளைத்தண்டு, பிறகு வேகஸ் நரம்பு வழியாகக் கீழிறங்கிச் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி என்று முழுப் பாதையும் கிடைத்துவிட்டது.

இந்த ஆய்வில் பக்கவாதம் இல்லை. இருந்தும் இதிலிருந்து தொடங்குகிறேன். ஊசி எந்த இடத்தில் போடப்படுகிறது என்பது பொருட்டான விஷயம்தான் என்றும், அதற்கான காரணத்தைக் கத்தியாலும் நுண்ணோக்கியாலும் தேடிக் கண்டுபிடிக்க முடியும் என்றும் இது காட்டியது. கண்ணுக்குத் தெரியாத ஆற்றல் ஓட்டங்களைத் துணைக்கு அழைக்கத் தேவை இருக்கவில்லை. நரம்புகளே போதுமானவையாக இருந்தன.

மூளைக்குள் ஊசி என்ன செய்கிறது என்ற தேடல் இதைவிடப் பழையது. பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் என்ற உடலியங்கியல் பேராசிரியர் 1965-இல் அதைத் தொடங்கினார். ஊசி போட்டு வலியை அடக்கி அறுவை சிகிச்சை செய்கிறார்கள் என்ற செய்தி அப்போது சீனாவில் பேசப்பட்டுவந்தது. அதில் உண்மை என்ன என்று பார்க்கும் வேலை அவரிடம் வந்தது. தன்னார்வலர்களின் கையில், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையில் ஊசி போட்டு, உடலின் பல இடங்களில் வலி தாங்கும் அளவை நிமிடக் கணக்கில் அளந்தார். ஊசி போட்டவுடன் எதுவும் ஆகவில்லை. வலி தாங்கும் திறன் மெல்ல மெல்ல ஏறி அரை மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டது; ஊசியை எடுத்த பிறகும் உடனே விழாமல் மெல்லத்தான் இறங்கியது. நரம்புச் செய்தி மட்டும் என்றால் நொடியில் முடிந்திருக்கும். இப்படி நிதானமாக ஏறி இறங்குவது ஏதோ ஒரு வேதிப்பொருள் சுரந்து கரைவதன் அடையாளம் என்று ஹான் ஊகித்தார். ஊசி போட்ட முயலின் மூளைத் தண்டுவட நீரை எடுத்து, ஊசியே காணாத இன்னொரு முயலின் மூளைக்குள் செலுத்தினார். அந்த முயலுக்கும் வலி குறைந்தது.

அந்தப் பொருள் உடல் தானே தயாரிக்கும் ஓபியம் போன்ற வேதிகள் என்று சில ஆண்டுகளில் தெரிந்தது. இன்னும் அழகான ஒரு கண்டுபிடிப்பு பின்னால் வந்தது. மின்சாரத்தின் வேகத்தை மாற்றினால் சுரக்கும் வேதியும் மாறுகிறது. நொடிக்கு 2 துடிப்பு என்றால் என்கெஃபலினும் எண்டார்ஃபினும். 100 துடிப்பு என்றால் டைனார்ஃபின். கையால் திருகும் ஊசியில் ஒவ்வொரு மருத்துவரின் விரலும் ஒவ்வொரு மாதிரி. மின்சாரத்தில் வேகத்தையும் வலுவையும் நேரத்தையும் எண்ணால் எழுதிவைக்கலாம். இன்னொரு ஊரில் இன்னொருவர் அதையே திரும்பச் செய்து பார்க்கலாம். ஆய்வாளர்கள் மின் அக்குபஞ்சரை விரும்புவதற்கு இதுவே முக்கியக் காரணம். ஊசியில் மின்சாரம் பாய்ச்சுவது சீனாவில் பிறந்த யோசனையும் இல்லை. பாரிஸில் சார்லாந்தியேர் என்ற மருத்துவர் 1825-லேயே அதைப் பற்றி நூல் எழுதிவிட்டார். சீனாவில் அது பரவலானது 1950-களுக்குப் பிறகு.

இனி பக்கவாதத்துக்கு வருவோம்.

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. சேமிப்பு என்று அதனிடம் ஏதும் இல்லை. பக்கவாதங்களில் பெரும்பாலானவை ரத்தக்குழாயில் உறைகட்டி அடைப்பதால் வருகின்றன. மீதி, குழாய் வெடித்து ரத்தம் கசிவதால். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் இறக்கின்றன என்று அமெரிக்க நரம்பியலாளர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டார். அடைப்பின் மையத்தில் உள்ள பகுதி சில நிமிடங்களில் போய்விடுகிறது. அதைச் சுற்றிய பகுதியின் நிலை, வாய்க்கால் தண்ணீர் எட்டாத கடைமடை வயலின் நிலை. பயிர் வாடிச் சாய்ந்திருக்கும், இன்னும் கருகியிருக்காது. நேரத்துக்குத் தண்ணீர் வந்தால் நிமிரும்.

அந்தப் பகுதியைக் காப்பாற்ற இன்று நிரூபணமான வழிகள் இரண்டு. கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் ஏற்றுவது ஒன்று. தொடையிலோ மணிக்கட்டிலோ நுழைத்த மெல்லிய குழாய் வழியாகக் கட்டியைப் பிடித்து வெளியே இழுப்பது மற்றொன்று. இரண்டாவதை, ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம். இந்த நேரத்தில் ஊசிக்கும் வேலையில்லை, வர்மத்துக்கும் வேலையில்லை. வாய் கோணியவரை வீட்டில் படுக்கவைத்துப் புறா ரத்தம் தேய்த்துக்கொண்டிருந்த குடும்பங்களின் கதைகளைத் தமிழ்நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் வேதனையோடு சொல்வார்கள். முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ அந்த நிமிடமே 108-ஐ அழைத்து, சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போவது ஒன்றே வழி. மின் அக்குபஞ்சரைப் பற்றிய பேச்சு எல்லாம் அதற்குப் பிறகு, உயிர் தப்பி, நிலை சீரான பிறகு.

செத்த நரம்பணு திரும்பி வருவதில்லை. அப்படியிருந்தும் படுத்த படுக்கையாக இருந்தவர் ஆறு மாதத்தில் கைத்தடி ஊன்றி வாசல் வரை வருகிறார். எப்படி? 1996-இல் ராண்டால்ஃப் நூடோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அணில் குரங்குகளை வைத்து இதற்கு விடை தேடினார். குரங்கின் மூளையில் கையை ஆளும் பகுதியில் ஒரு துண்டை மட்டும் ரத்த ஓட்டத்தை நிறுத்திச் சாகடித்தார். சும்மா விடப்பட்ட குரங்குகளில், சேதமடையாமல் மிஞ்சியிருந்த கைப்பகுதியும் சில வாரங்களில் சுருங்கிப் போயிற்று. சின்னக் குழிகளிலிருந்து உணவு உருண்டைகளை விரலால் எடுக்கும் பயிற்சியைத் தொடர்ந்து செய்த குரங்குகளிலோ மிஞ்சிய பகுதி காப்பாற்றப்பட்டது. சிலவற்றில், அதுவரை முழங்கையையும் தோளையும் ஆண்ட பக்கத்து இடத்தைக்கூடக் கை எடுத்துக்கொண்டது. பயன்படுத்தாத நிலத்தை மூளை வேறு யாருக்கோ கொடுத்துவிடுகிறது. உழைக்கிற விரலுக்கு இடம் ஒதுக்குகிறது.

இந்த இடத்தில் ஒரு பெண்மணியை அறிமுகம் செய்ய வேண்டும். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக நரம்பியலாளர் பார்ப்ரோ யோஹான்சன். பக்கவாத அக்குபஞ்சரின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த விஞ்ஞானி அவர். அவருடைய எலி ஆய்வு ஒன்று 1995-இல் வெளிவந்தது. எலிகளின் மூளையில் ஒரு பெரிய ரத்தக்குழாயை அடைத்துப் பக்கவாதம் வரவைத்தபின், பாதி எலிகளைச் சாதாரணக் கூண்டிலும் மீதியை ஏணி, ஊஞ்சல், சங்கிலி, பலகை எல்லாம் நிறைந்த பெரிய கூண்டில் துணை எலிகளோடும் விட்டார். பெரிய கூண்டு எலிகள் மெல்லிய கட்டையின் மேல் நடப்பதிலும் ஏறுவதிலும் தெளிவாக மேலே நின்றன. மூளையை அறுத்துப் பார்த்தபோது செத்த பகுதியின் அளவு இரு கூட்டத்திலும் ஒன்றாகவே இருந்தது. சேதம் அதேதான், மீட்சி வேறு. பக்கவாதம் வந்து 15 நாள் கழித்து இடம் மாற்றிய எலிகளும் முன்னேறின என்று அடுத்த ஆண்டு காட்டினார்.

மீதமிருக்கும் மூளைக்கு வெளியிலிருந்து வரும் உணர்வுச் செய்திகள்தான் உரம் என்றால், அக்குபஞ்சர் ஊசி அப்படி ஒரு செய்தியைத் தருமா? யோஹான்சனின் குழு எலி ஆய்வுக்கும் முன்பே மனிதர்களிடம் இதைப் பார்த்துவிட்டது. 1993-இல் வெளியான அந்த ஆய்வில் 78 பேர். அனைவருக்கும் ஒரு பக்கம் கடுமையாக விழுந்திருந்தது. எல்லாருக்கும் வழக்கமான பிசியோதெரபி உண்டு. குலுக்கல் முறையில் பிரித்த ஒரு பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக, வாரம் இரண்டு முறை என்று 10 வாரம், மின்தூண்டலும் சேர்ந்த அக்குபஞ்சர். அவர்கள் வேகமாகவும் அதிகமாகவும் தேறினார்கள். நடை, உடல் சமநிலை, குளிப்பது உடுத்துவது போன்ற அன்றாட வேலைகள் எல்லாவற்றிலும் வித்தியாசம் தெரிந்தது. மருத்துவமனையிலும் பராமரிப்பு இல்லத்திலும் அவர்கள் தங்கிய நாட்கள் குறைவு. ஐரோப்பாவில் பெரும் வரவேற்பைப் பெற்ற ஆய்வு அது. இன்றும் மின் அக்குபஞ்சருக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் எடுத்துக்காட்டுவார்கள்.

அவர்கள் பல சமயம் சொல்லாமல் விடுவது, அதே யோஹான்சன் 2001-இல் என்ன செய்தார் என்பதை. தன் முந்தைய ஆய்வில் ஓர் ஓட்டை இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஊசி மட்டும் கிடைக்கவில்லை. வாரம் இருமுறை ஒரு மனிதர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தொட்டு, பேசி, அக்கறையோடு அரை மணி நேரம் இருந்திருக்கிறார். மற்றவர்களுக்கு அது இல்லை. தேறியது ஊசியாலா, அந்தக் கவனிப்பாலா? இதைப் பிரித்தறிய, ஸ்வீடனின் ஏழு மருத்துவமனைகளில் 150 நோயாளிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார். முதல் கூட்டத்துக்கு மின்தூண்டலோடு அக்குபஞ்சர். இரண்டாவதற்கு ஊசி இல்லாமல், தசை துள்ளும் அளவுக்குத் தோல் மேல் மின்தூண்டல். மூன்றாவதற்கு உணரவே முடியாத அளவு மிகச் சன்னமான மின்தூண்டல், இதுதான் ஒப்பீட்டுக்கானது. மூன்று கூட்டத்துக்கும் 10 வாரத்தில் 20 அமர்வுகள், ஒரே அளவு கவனிப்பு. மூன்று மாதத்திலும் ஓராண்டிலும் அளந்து பார்த்தார்கள். நடையிலோ, கை வேலையிலோ, அன்றாடச் செயல்களிலோ மூன்று கூட்டத்துக்கும் இடையே வித்தியாசம் இல்லை.

பலரும் எடுத்துக்காட்டிய தன் முடிவைத் தானே கடுமையான சோதனைக்கு உட்படுத்தி, வந்த விடையை அப்படியே அச்சில் போட்டார். இதற்கு வேண்டிய நேர்மை சாதாரணமானது இல்லை. அதே காலகட்டத்தில், 1998-இல் கோத்தன்பர்க் நகரில் 104 பேரிடம் நடந்த ஆய்வும், 2002-இல் ஹாங்காங்கில் 106 பேரிடம் நடந்த ஆய்வும் நல்ல பிசியோதெரபிக்கு மேல் அக்குபஞ்சர் கூடுதலாக எதுவும் தரவில்லை என்றே கூறின.

சீனாவிலிருந்து வந்த ஆய்வுகளைப் படித்தால் காட்சி தலைகீழாக இருக்கும். கிட்டத்தட்ட எல்லாமே வெற்றி. 1998-இல் ஆண்ட்ரூ விக்கர்ஸ் என்ற புள்ளியியலாளரும் உடன் ஆய்வாளர்களும் நாடுவாரியாக அக்குபஞ்சர் ஆய்வுகளைத் தொகுத்தபோது, கிழக்காசிய நாடுகளிலிருந்து அவர்கள் கண்ட ஆய்வுகள் அனைத்துமே அக்குபஞ்சருக்குச் சாதகமாக இருந்தன. எந்தச் சிகிச்சையும் நூற்றுக்கு நூறு வெல்வதில்லை. தோற்ற ஆய்வுகள் அச்சேறாமல் போயிருக்க வேண்டும், அல்லது ஆய்வு அமைக்கப்பட்ட விதத்தில் குறை இருந்திருக்க வேண்டும். பக்கவாதத்துக்குப் பிந்தைய அக்குபஞ்சர் பற்றி 2016-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 31 ஆய்வுகளையும் 2,257 நோயாளிகளையும் சேர்த்து அலசியது. பிறரைச் சார்ந்திருக்கும் நிலை குறைவதிலும் சில நரம்புக் குறைபாடுகளிலும் பலன் இருக்கக்கூடும், பெரிய பக்க விளைவு தென்படவில்லை, ஆனால் ஆய்வுகளின் தரமும் அளவும் போதாது, எனவே வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்க ஆதாரம் போதவில்லை என்று முடித்தது.

இதற்கிடையில் ஆய்வுக்கூடத்தில் எலிகள் தேறிக்கொண்டே இருக்கின்றன. சியானில் இருந்த மயக்கவியல் பேராசிரியர் சியோங் லீசேயின் குழு, எலியின் உச்சந்தலைப் புள்ளியான பைஹூயில் 30 நிமிடம் மின் அக்குபஞ்சர் கொடுத்துவிட்டுப் பிறகு மூளைக் குழாயை அடைத்தது. முன்கூட்டியே ஊசி பெற்ற எலிகளில் சேதம் குறைவு. மூளையைச் சீவி ஒரு சாயத்தில் நனைப்பார்கள். உயிருள்ள திசு சிவக்கும், செத்தது வெள்ளையாகவே நிற்கும். வெள்ளைப் பரப்பு சிறுத்திருந்ததைக் கண்ணாலேயே பார்க்கலாம். உடலே தயாரிக்கும் கஞ்சா போன்ற வேதிகள் இதற்குக் காரணம் என்று 2009-இல் அவர்கள் காட்டினார்கள். அவற்றின் ஏற்பியை மருந்தால் மூடினால் பாதுகாப்பும் போய்விட்டது. புஜியான் மாகாணத்தின் பாரம்பரிய மருத்துவப் பல்கலைக்கழகத்தில் சூசான்லியிலும் முழங்கை மடிப்புப் புள்ளியிலும் பல ஆண்டுகளாக ஆய்வு நடக்கிறது. அழற்சி தணிகிறது, நரம்பணுவை வளர்க்கும் பி.டி.என்.எஃப். என்ற புரதம் கூடுகிறது, நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் பலப்படுகின்றன என்று கட்டுரைகள் குவிந்திருக்கின்றன.

எலி தேறினால் மனிதர் ஏன் தேறக்கூடாது? பக்கவாத ஆய்வு உலகமே இந்தக் கேள்வியில் பலமுறை அடிபட்டிருக்கிறது. 2006 வரை பக்கவாதத்துக்காகச் சோதித்த சிகிச்சைகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள்: 1,026. அவற்றில் மூளையணுக்களைச் சாவிலிருந்து காப்பதாக விலங்குகளில் பளிச்சென்று தெரிந்த மருந்துகள் ஏராளம். மனிதரிடம் வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. ஆய்வுக்கூட எலி இளமையானது. ஒரே மரபில் வந்தது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் முப்பது வருடப் புகைப்பழக்கமும் அதற்கு இல்லை. அதற்கு எந்த நிமிடத்தில் அடைப்பு வரும் என்பதும் ஆய்வாளருக்குத் தெரியும். அடைப்புக்கு முன்பே ஊசி போடும் வசதி எந்த நோயாளிக்கு உண்டு?

மனித ஆய்வுகளில் இன்னொரு சிக்கல், போலி ஊசி. மாத்திரையைச் சோதிக்கச் சர்க்கரை மாத்திரை போதும். ஊசிக்கு? 1998-இல் ஜெர்மனியில் ஷ்ட்ரைட்பெர்கர் என்பவர் தோலைத் துளைக்காமல் காம்புக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும் ஊசியை அறிமுகப்படுத்தினார். குத்தியது போலவே தோன்றும். மின்சாரம் சேர்ந்தால் அந்தத் தந்திரமும் சிரமமாகிறது. தசை துள்ளுகிறதா இல்லையா என்பது நோயாளிக்குத் தெரிந்துவிடும். அதோடு, போலி ஊசியின் தொடுதலும் ஓர் உணர்வுச் செய்திதான். யோஹான்சனின் மூன்று கூட்டங்களும் ஒன்றுபோல் தேறியதற்கு, எதுவுமே வேலை செய்யவில்லை என்பது ஒரு விளக்கம். எல்லாருக்கும் கிடைத்த நல்ல பயிற்சியும் கவனிப்பும் எட்டக்கூடிய உயரத்தை எட்டிவிட்டன என்பது இன்னொரு விளக்கம். நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். ஊசிக்கு அதில் தனிப்பங்கு இருந்தது என்று சொல்ல மட்டும் அந்த ஆய்வு இடம் தரவில்லை.

கதவு மூடிவிட்டதா என்றால், இல்லை. 2024-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ்களுள் ஒன்றில் சீன ஆய்வு ஒன்று வந்தது. பக்கவாதத்தால் பேச்சிழந்த 252 பேர். போலி ஊசியோடு ஒப்பீடு. அனைவருக்கும் பேச்சுப் பயிற்சி. ஆறு வாரத்தில் உண்மையான ஊசி பெற்றவர்களின் பேச்சு கூடுதலாக முன்னேறியது. ஆறு மாதத்திலும் அந்த வித்தியாசம் நின்றது. இது கையால் போடும் ஊசி, மின்சாரம் சேர்க்காதது. பழைய சீன ஆய்வுகளைவிட மிகக் கவனமாக அமைக்கப்பட்டது என்பதால் இதைப் பொருட்படுத்துகிறேன். பிற நாடுகளில் திரும்பச் செய்து பார்த்து அதே விடை வந்தால் எடை கூடும்.

நம் ஊரில் இந்தச் சிகிச்சையை நாடும் குடும்பங்கள் நிறைய. 2019-இல் இந்திய அரசு அக்குபஞ்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது. இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பில் அது பாடமாகவும் இருக்கிறது. போகிறவர்கள் சில விஷயங்களை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் மின் அக்குபஞ்சர் கூடாது. பக்கவாதம் வந்த பலர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். ஊசி போட்ட இடத்தில் கசிவு வரலாம். ஊசிக்காக அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அது அடுத்த பக்கவாதத்துக்கு அழைப்பு. மார்புப் பகுதியில் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலைத் துளைக்கும் ஆபத்து உண்டு. ஊசி, உறை பிரித்த புது ஊசியாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பிசியோதெரபிக்குப் போகும் நேரமும் பணமும் ஊசிக்குத் திருப்பிவிடப்படக் கூடாது. பயிற்சியின் பலனுக்கு இருக்கும் ஆதாரத்தின் அருகில்கூட ஊசியின் ஆதாரம் இன்னும் வரவில்லை.

வேறொரு திசையிலிருந்து வந்த ஒரு முடிவு எனக்கு இங்கே ஆர்வமூட்டுகிறது. 2021-இல் லான்செட் இதழில், பக்கவாதம் வந்து ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகியும் கை சரியாக வராத 108 பேரிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. எல்லாருக்கும் மார்புத் தோலுக்கு அடியில் சிறு கருவி வைத்து, கழுத்திலுள்ள வேகஸ் நரம்போடு கம்பியால் இணைத்தார்கள். பாதிப் பேரின் கருவியில் மட்டும் உண்மையான மின்சாரம். நோயாளி ஒரு பொருளை எடுக்க, புரட்ட, வைக்க முயலும் ஒவ்வொரு முறையும் சிகிச்சையாளர் பொத்தானை அழுத்துவார். அரை நொடி மின்துடிப்பு நரம்பில் பாயும். பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, மின்சாரம் பெற்றவர்களில் 47 சதவீதம் பேரிடம் வாழ்க்கையில் உணரக்கூடிய முன்னேற்றம். பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 24 சதவீதம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதே ஆண்டு இந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்தது.

இதன் பின்னால் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தில் நடந்த எலி ஆய்வுகள் உள்ளன. அங்கே தெரிந்த ஒரு விவரம்தான் முக்கியம். எலி தன் முன்னங்காலால் முயலும் அதே நொடியில் துடிப்பு கொடுத்தால் மீட்சி கூடியது. அதே துடிப்புகளைப் பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுத்தால் பலன் குறைந்துவிட்டது. வேகஸ் நரம்பு தூண்டப்படும்போது மூளையில் நோர்அட்ரினலின், அசிட்டைல்கோலின் போன்ற வேதிகள் கணநேரம் பெருகுகின்றன; அந்தக் கணத்தில் எந்த நரம்பிணைப்புகள் வேலையில் இருக்கின்றனவோ அவையே பலப்படுகின்றன என்பது அவர்களுடைய விளக்கம்.

மின் அக்குபஞ்சர் பெரும்பாலும் எப்படிக் கொடுக்கப்படுகிறது? நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். ஊசிகள் துடிக்கும். அவர் கண்ணை மூடிக்கொள்வார், சிலர் தூங்கிவிடுவார்கள். பயிற்சி வேறு அறையில், வேறு நேரத்தில். காலின் ஊசி வேகஸ் நரம்பின் பாதையை எட்டுகிறது என்று சுண்டெலிகள் காட்டிவிட்டன. முயற்சியோடு சேர்ந்து வரும் துடிப்பே மூளையைப் பழக்குகிறது என்று டல்லஸ் எலிகளும் அந்த 108 பேரும் காட்டிவிட்டார்கள். இந்த இரண்டையும் இணைத்து, நோயாளி தன் விழுந்த கையைத் தூக்க முயலும் நொடிக்கும் ஊசியின் துடிப்புக்கும் முடிச்சுப் போட்டு, இன்னொரு கூட்டத்துக்கு அதே ஊசியைப் படுக்கையில் கொடுத்து, மூன்றாவது கூட்டத்துக்கு மடங்கும் போலி ஊசியும் அதே அளவு கவனிப்பும் கொடுத்து, யோஹான்சனின் கண்டிப்போடு ஒரு பெரிய ஆய்வு நடத்த வேண்டும். மின் அக்குபஞ்சர் ஆதரவாளர்களிடம் நான் எதிர்பார்ப்பது இன்னுமொரு எலிக் கட்டுரையை விட, இந்த ஆய்வைத்தான்.